கவிழ்க்காத கோப்பை

மாலே நகரத்தில் கால்பந்து மைதானத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் ஒரு வாக்குவாதம் முடியாமல் போனதால், மாலத்தீவுத் தேசிய அணியின் தலைவர் நிஸார் மணிக்குவுக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக முப்பத்தாறு வயதே இருந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பந்தாட்டம் பற்றிய பேச்சில் தோற்றவர் தன் கோப்பையைச் சாசரில் கவிழ்த்துவிட்டு எழுந்து போகவேண்டும். அதுவரை அந்தப் பேச்சு முடிந்ததாகாது. ஒரு வெள்ளிக்கிழமை நிஸார் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்து, வீங்கிய இடது முழங்காலோடு நொண்டிக்கொண்டு வெளியேறினார். இனி இவர் ஆடலாமா கூடாதா என்ற பேச்சு அன்று மாலை தொடங்கியது. ஆடலாம் என்று ஏழு பேர், போதும் என்று ஏழு பேர். யாரும் கவிழ்க்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நிஸாரும் இரு கட்சிக்கும் வஞ்சனையில்லாமல்தான் ஆடினார். ஓர் ஆட்டத்தில் பாதி மைதானம் கடந்து கோல் போடுவார்; அடுத்ததில் காலியாகக் கிடக்கும் வலைக்கு வெளியே தட்டிவிடுவார். அவரை விடவும் முடியாமல், வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாமல் ஒன்பது பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். உடன் ஆடியவர்களின் மகன்கள் அவரோடு ஆடினார்கள். கடவுச்சீட்டில் பிறந்த வருடத்தைப் பார்த்து மிரளும் அயல்நாட்டு அதிகாரிகளுக்கு, எங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று கால்பந்துச் சங்கத்துச் செயலாளர் கடிதம் கொடுத்தனுப்புவார். அவர்களும் படித்துவிட்டு முத்திரை குத்துவார்கள். முழங்கால் வீக்கமும் அத்தனை வருடம் வடியவில்லை. பதினான்கு பேரில் சிலர் இறந்தார்கள், சிலர் கடல் பாலத்துக்கு அப்பாலிருக்கும் தீவில் வீடு கிடைத்துப் போனார்கள். மிஞ்சியது இரண்டே பேர்: ஆடலாம் என்ற படகு மெக்கானிக் ஸாலிம், போதும் என்ற சுங்க இலாகா எழுத்தர் இத்ரீஸ்.

"முழங்காலப் பாத்தியா, பூசணிக்கா மாதிரி. அத வெச்சுக்கிட்டு ஓடுறாரு உன் ஆளு," என்பார் இத்ரீஸ், மீன் உருண்டையைப் பிட்டுக்கொண்டே.

"போன மாசம் கோல் போட்டப்ப எந்திரிச்சு நின்னு கத்துனது யாரு, உன் மாமனாரா?" என்பார் ஸாலிம்.

நிஸாரின் மனைவி ஸஹுராவுக்கு மட்டும் வயது முறையாக ஏறியது. தெரியாதவர்கள் முதலில் அக்கா தம்பி என்றார்கள், பிறகு அம்மா மகன் என்றார்கள். படகுத்துறைக்கு மாலையில் அவரோடு நடந்து போவதை ஸஹுரா நிறுத்திக்கொண்டார். மகன் அப்பாவைவிட நான்கு வயது மூத்தவனானான். அறுபத்தைந்தில் ஸஹுராவின் இதயம் பழுதாகி, மருத்துவர்கள் மாதங்களை விட்டு வாரங்களில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நண்பகல் கஞ்சி ஊட்ட வந்த நிஸாரை ஸஹுரா மகனென்று நினைத்து, "அப்பா இன்னும் மைதானத்துலேருந்து வரலையாடா?" என்று கேட்டார். நிஸாரால் அதைத் தாங்க முடியவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் தேநீர்க் கடைக்குள் நுழைந்தார். அங்கே அவர் கால் வைத்தது அதுவே முதல் முறை; தன்னைப் பற்றிய பேச்சில் ஆட்டக்காரர் வந்து உட்காருவது அந்த ஊரில் மரியாதையில்லை.

"உக்காருங்க பேபே," என்றார் ஸாலிம். பேபே என்றால் அண்ணன். அறுபது வயது நரைத்தாடிக்காரர் முப்பத்தாறு வயதுக்காரரை அப்படி அழைத்தது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

"ஸஹுராவுக்கு முடியல. என்னைத் தேடுறா. பக்கத்துலதான் இருக்கேன், அவளுக்கு அடையாளம் தெரியல. அவ போறதுக்குள்ள நான் கிழவனாகணும். கோப்பையக் கவுத்துடு ஸாலிம்."

இத்ரீஸ் சட்டென்று தன் கோப்பையை எடுத்தார். "நான் கவுத்துடறேன். பேச்சு முடிஞ்சாப் போதும்ல?"

"நீ தோத்தா நான் காலத்துக்கும் ஆடணும்ப்பா. கைய எடு."

ஸாலிம் தன் கோப்பையைக் கையில் எடுத்தார். "ஆட்டம் முடிஞ்சுபோச்சுன்னு எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும் பேபே. என் வாயால எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்றார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பேபே இனி ஆட வேண்டாம் என்று சொல்லி, கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, வழக்கப்படி எழுந்து வெளியே போனார். வென்ற இத்ரீஸ் மேசையில் தலைசாய்த்து அழுதார்.

கடையிலிருந்து நிஸாரின் வீட்டுக்கு மூன்று சந்துகள். முதல் சந்தில் தலை நரைத்தது, இரண்டாவதில் பற்கள் நான்கு விழுந்தன, மூன்றாவதில் முதுகு வளைந்தது. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஸஹுரா படுத்தபடியே வாசலைப் பார்த்தார்.

"மேட்ச் இவ்வளவு நேரமா?"

"கூடுதல் நேரம் குடுத்துட்டாங்க."

"ஜெயிச்சாச்சா?"

"தோத்துட்டோம்."

"போகட்டும். வந்துட்டீங்கல்ல," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் பத்தொன்பது நாள் இருந்தார் ஸஹுரா. அதில் இரண்டு மாலைகள் சக்கர நாற்காலியில் படகுத்துறைக்குப் போனார்கள். யாரும் அம்மாவா என்று கேட்கவில்லை. அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை தேசிய அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. நிஸார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்ரீஸ் பேச்செடுத்தார்; ஸாலிம் தன் தேநீரை ஊதிக் குடித்தார். அவருக்கு இப்போது கண்ணாடித் தம்ளரில்தான் தேநீர் தருகிறார்கள். கவிழ்த்த கோப்பை சாசரை விட்டு வரவில்லை, சாசர் மேசையை விட்டு வரவில்லை. கடைக்காரர் தினமும் அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்.