கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"அப்பா, நான் தோல் உரிக்கிற ஆள்!"

சுகிர்தா துள்ளிக்கொண்டு சொன்னபோது, பாலேந்திராவின் வாய்க்குப் போன சோற்றுக் கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. எதிரே இருந்த அவன் மனைவி ராசமலர் கறிச்சட்டியை மூடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டென்மார்க்கின் வைலே நகரப் பள்ளிக்கூடமொன்றில் சுகிர்தாவின் வகுப்புக்கு அந்த வாரம் கணக்கும் இல்லை, டேனிஷும் இல்லை. வாரம் முழுக்க மத்தியகால ஜப்பான்தான். உடற்பயிற்சி மண்டபத்தைக் கியோத்தோ நகரமாக்கி, குலுக்கல் போட்டு வேஷம் பிரித்திருந்தார் ஆசிரியை கியர்ஸ்டன். சீட்டு யாருக்கு எப்படி விழுந்ததோ அப்படி. பேரரசர், ஷோகுன் என்ற படைத்தலைவர், பிக்குகள், உழவர்கள், கடைசியாக ஆற்றங்கரை ஆட்கள்.

"பேரரசர் சும்மா இருக்கிறவர் அப்பா. அவருக்கு ஒரு பவரும் இல்லை. ஷோகுன் சொல்லுறதுதான் சட்டம்." பாதி டேனிஷிலும் பாதி தமிழிலுமாக அவள் அளந்துகொண்டு போனாள். "நாங்கள் ஆத்தங்கரையில இருக்கிறது. செத்த மாடு, குதிரையின்ர தோல் உரிக்கிறது. ஷோகுன்ர ஆக்கள் சண்டைக்குப் போடுற கவசத்துக்கு நாங்கள்தான் தோல் குடுக்கிறது. அவையின்ர வீட்டுத் தோட்டமும் நாங்கள்தான் போட்டுக் குடுக்கிறது. ஆனா கோயிலுக்குள்ள விடமாட்டினம். செத்ததைத் தொட்டா ஊத்தையாம்." கொஞ்சம் நிறுத்தி, நல்லதொரு விஷயம் அகப்பட்ட சந்தோஷத்தோடு முடித்தாள்: "அப்பாவும் அந்த வேலைதானே? தோலுக்கு உப்புப் போடுறது!"

பிள்ளை பொய் சொல்லவில்லை. பாலேந்திரா இறைச்சித் தொழிற்சாலையில் மாட்டுத் தோல்களை அடுக்கி உப்புப் போடுகிற பகுதியில்தான் வேலை செய்தான். ஊரிலிருக்கும் தாய்க்கு மட்டும் அவன் சூப்பர்வைசர். உப்பு வேலை வயிற்றுப்பாட்டுக்கு என்று அவனே தனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தான். சாதி வேறு, சம்பளம் வேறு!

"நாளைக்கு ரீச்சரிட்டச் சொல்லி அதை மாத்த வேணும்," என்றான். "என்ர பிள்ளை அந்த வேஷம் போடாது."

"அதுதான் அப்பா நல்ல குறூப்! மேளம் எல்லாம் செய்யிறம்!"

மேளம் என்றதும் அவன் பார்வை ராசமலரின் மேல் போய் விழுந்தது. அவள் தலை நிமிரவில்லை.

ராசமலரின் தகப்பன் கந்தன் பறை அடித்தவர். செத்தவீடுகளில் முற்றத்தின் கடைசி மூலையில் நின்று அடித்து, வேலிக்கு வெளியே நின்று சாப்பிட்டவர். அவருடைய மகளை மேல்சாதிக்காரனான பாலேந்திரா காதலித்துக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு ஓடியதென்னவோ உண்மை. அந்த வயதில் அவனுக்கு அந்தத் துணிவு இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு டென்மார்க்குக்கு வந்து, சுற்றிவர யாழ்ப்பாணக் குடும்பங்கள் குடியேறியதும் துணிவு கரைந்துவிட்டது. "ராசமலர் ஆற்ற ஆள்?" என்று சாதி அறிய யாராவது கேட்பதற்கு முன்பே அவன் பதில் தயாரித்தான். மாமனார் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், பெயர் கந்தையா, செத்துப் பல வருஷம். கிளார்க்கைச் சாகடித்தால்தான் மேற்கொண்டு விசாரணை வராது.

அந்தக் கெட்டித்தனம் போன மாசி மாதத்தில் அவளுடைய கழுத்தில் வந்து விழுந்தது. அவளுடைய தம்பி கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழுதான். அப்பு, அவளுடைய தகப்பன், போய்விட்டார்.

பாலேந்திரா கதவைச் சாத்தினான். "இஞ்சரும், சத்தம் போடாதையும். மேல வீட்டில விமலாதேவியாக்கள். எப்பவோ செத்த மனுசன் இப்ப எப்பிடிச் சாகிறது? அழுறதெண்டால் பாத்ரூமுக்க போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழும்."

அவள் அப்படியேதான் அழுதாள். துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. வெளியே பனி கொட்டிக் கிடந்த அந்த நாட்களில், விமலாதேவி மாடிப்படியில் கண்டு "தடிமனோ காய்ச்சலோ, கண் வீங்கியிருக்கு?" என்று கேட்டாள். "ஓம் அக்கா," என்றாள் ராசமலர். அன்றிலிருந்து அவளுக்கு யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. தகப்பனுக்காக அழக்கூட உரிமை இல்லாத ஒருத்தி வேறு என்னத்தைக் கதைப்பது?

மறுநாள் பாலேந்திரா லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனான். இது தங்கள் பண்பாட்டுக்கு அவமானம் என்று தெரிந்த டேனிஷில் சொன்னான். கியர்ஸ்டனுக்கு விளங்கவில்லை. "பிள்ளைகள் எல்லாரும் அந்தக் குழுவுக்குத்தானே சண்டை பிடிக்கினம்?" என்று கேட்டுவிட்டு, பண்பாடு என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து மாற்றிவிட்டார். சுகிர்தா ஷோகுனின் மகளானாள். லோன என்ற டேனிஷ்காரச் சிறுமி துள்ளிக் குதித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோரை அழைத்திருந்தார்கள். மண்டபத்தின் மேடையில் பேரரசர் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார். கீழே ஷோகுனின் மாளிகை, பக்கத்தில் கோயில். மறுகோடியில் நீலக் காகித ஆறு, அதற்கு முன்னால் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் லோனவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் தாங்கள் செய்த மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

லோன மேளத்தில் தட்டினாள். தாளமும் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தத் தோல் சத்தம் ராசமலரின் நெஞ்சுக்குள் போய் இடித்தது. பிக்கு வேஷம் போட்ட பையன்கள் எழும்பி, சொல்லிக்கொடுத்தபடி, "அசுத்தம்! தள்ளிப் போ!" என்று கத்தினார்கள். சனம் சிரித்தது.

"நல்ல காலம், எங்கட பிள்ளையள் ஒண்டும் அதுக்குள்ள இல்லை," என்று விமலாதேவி காதுக்குள் குசுகுசுத்தாள். அவள் கெட்டவள் அல்ல. ராசமலருக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டு ஓடிவருகிறவள். அதனால்தான் அது இன்னும் நொந்தது.

பிறகு கியர்ஸ்டன் பெற்றோரைப் பிள்ளைகளின் குழுவோடு போய் இருந்து சோற்று உருண்டை சாப்பிடச் சொன்னார். கதிரைகள் இழுபட்டன. பாலேந்திரா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஷோகுன் மாளிகைக்கு நடந்தான். ஆற்றங்கரையில் மற்ற இருவருக்கும் தாய் தகப்பன் வந்து சேர்ந்தார்கள். லோனவின் தாய்க்கு வேலை போலும். பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ராசமலர் எழும்பி அந்தப் பக்கம் நடந்தாள். கயிற்றை உயர்த்திக் குனிந்து போய், சேலையை ஒதுக்கி லோனவுக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்தாள்.

"இஞ்சரும், இஞ்சால வாரும். பிள்ளை இஞ்சையெல்லே?" பாலேந்திராவின் குரல் பல்லுக்குள்ளிருந்து வந்தது.

"என்ன ராசமலர், அங்கை போய் இருக்கிறீர்?" என்று விமலாதேவி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுதான் அக்கா என்ர இடம்." அவள் தமிழிலேயே, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "என்ர அப்பு கிளார்க் இல்லை. பறை அடிச்சவர். பேர் கந்தன். எப்பவோ செத்தவரும் இல்லை. போன மாசியிலதான் செத்தவர். நான் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதனான்."

சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. மேளம் லோனவின் மடியிலிருந்து உருண்டது. ராசமலர் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

தமிழ் விளங்காத டேனிஷ் பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள். தள்ளிவைக்கப்பட்டவர்களின் துயரை எவ்வளவு அருமையாக நடித்துக் காட்டுகிறார் இந்தத் தாய் என்று கியர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ்ச்சனம் கைதட்டவில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து ராசமலர் முகம் கழுவினாள். பெட்டிக்கு அடியில் கிடந்த தகப்பனின் சின்னப் படத்தை எடுத்துச் சுவரோடு சாத்தி விளக்குக் கொளுத்தினாள். கேத்திலில் தண்ணீர் வைத்தாள். வீட்டிலிருந்த கதிரைகளை வரிசையாகப் போட்டாள். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

விமலாதேவி குடும்பம் படியேறி வரும் சத்தம் கேட்டது. திறந்த கதவுக்கு முன்னால் அந்தக் காலடிகள் கொஞ்சம் தயங்கின. பிறகு மேலே போய்விட்டன. மேலே கதவு சாத்தப்பட்டது.

"கதவைச் சாத்தும்," என்றான் பாலேந்திரா. "ஒருத்தரும் வரமாட்டினம். இனி ஒரு நாளும் வரமாட்டினம். திருப்திதானே?"

"வராட்டி வராட்டும். செத்தவீட்டுக் கதவைச் சாத்திறேல்லை."

அவன் எழும்பி வந்து கதவுப்பிடியில் கையை வைத்தான். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாத தோல் வாடை அந்தக் கையில் இருந்தது. தானும் செத்ததன் தோலைத் தொடுகிற கைதான் என்பது, இத்தனை வருஷம் அவளோடு வாழ்ந்தும் அந்தக் கைக்கு உறைக்கவில்லை. அவள் அந்தக் கையை மெல்ல எடுத்து அப்பால் விட்டாள்.

ஷோகுன் மகளின் காகிதக் கிரீடத்தைக் கழற்றாமலே சுகிர்தா வந்து முதல் கதிரையில் இருந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர் எங்களுக்கு ஆர்?"

"உம்மட அம்மப்பா," என்றபடி ராசமலர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"செத்துப்போட்டாரோ?"

"ஓம்."

இதற்கு என்ன சொல்வது, எப்படி விசாரிப்பது என்று பிள்ளைக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அவள் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் அவள் ஒருத்திதான். ராசமலர் எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.