முப்பதடி முனியப்பனின் படம்

பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டோரம் மீசையோடு உட்கார்ந்திருக்கும் முப்பதடி முனியப்பனைச் செய்தவன் பச்சியப்பன். சிமெண்ட் சாமிகள் செய்வதில் கைகாரன். ஆனால் கண் திறந்தபின் அந்தச் சாமியை எட்ட நின்று அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சாமிக்குக் கண் வரைந்து திறந்தவன் சாரத்தை விட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் கட்டு. கண் திறக்காத சாமியைப் படம் எடுப்பதும் ஆகாது. அந்த வழியாக பஸ்ஸில் போனால்கூட எதிர்ப்பக்கத்து சன்னலைப் பார்த்தே உட்காருவான்.

அப்படிப்பட்டவன் டீக்கடைச் சுவரில் தன் முனியப்பனைக் காலண்டராகப் பார்த்தால் சும்மா இருப்பானா? கீழே 'படம்: அருள்குமார்' என்று கொட்டை எழுத்து வேறு. செய்தவன் பேர் எங்கேயும் இல்லை. அருள்குமாரின் ஸ்டூடியோவுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, நேராக வக்கீல் பிரியதர்ஷினியிடம் போனான்.

"பொது எடத்துல நிரந்தரமா இருக்கற சிலைங்கண்ணா. யாரு வேணா போட்டோ எடுக்கலாம், அச்சும் போடலாம். சட்டமே அப்படித்தான்."

பச்சியப்பனுக்கு வயிறு எரிந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. ஏரியூரில் நாற்பதடி முனியப்பன் வேலை பேச்சில் இருந்தது. நன்கொடை நோட்டீஸில் போட, அவன் செய்த சாமி ஒன்றின் படம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"அப்ப அந்தக் காலண்டர் படத்தையே நோட்டீசுக்குக் குடுத்துடறனுங்க."

"அது முடியாதுங்கண்ணா. போட்டோ எடுத்தவருக்குச் சொந்தம். அருள்குமார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்."

"செஞ்சது நானுங்க மேடம்!"

"அதனால என்னங்கண்ணா, நீங்களும் போயி ஒண்ணு எடுத்துக்கங்க. எல்லாரையும் போல உங்களுக்கும் உரிமை இருக்குது."

எல்லாரையும் போல! அந்த வார்த்தை அவனைச் சுட்டது. அருள்குமாரை அவ்வளவு பேசிவிட்டு இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வேறு ஆளை எடுக்கச் சொன்னாலோ, படம் அந்த ஆளுக்குச் சொந்தமாகிவிடும்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடியே போய், முனியப்பனுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபிக்குப் போனைத் தூக்கினான். காலண்டர் என்றால் காகிதம், பார்த்தாலும் குற்றமில்லை. போனில் தெரிவது படமா, சாமியேதானா? வம்பு எதற்கு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினான்.

படத்தில் முனியப்பன் கண்ணை உருட்டி விழிக்க, முன்னால் பச்சியப்பன் கண்மூடி நின்றான். என்ன பக்தி, என்ன பக்தி என்று ஏரியூர்க்காரர்கள் உருகி, வேலையை அவனுக்கே கொடுத்து நோட்டீஸும் அடித்துவிட்டார்கள்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு அருள்குமார் தேடி வந்தான். "அண்ணா, படம் அம்சமா இருக்குதுங்க. அடுத்த வருசக் காலண்டருக்குப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டோ என்னுது தம்பி," என்றான் பச்சியப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "போட்டுக்க. ஆனா கீழ என் பேரு வரணும். கொட்டை எழுத்துல."

சொன்னபடியே வந்தது: 'படம்: பச்சியப்பன்.' சாமியைச் செய்தவன் யாரென்று அதிலும் இல்லை.