மூன்று கூம்புகளைச் சுற்றி

லாவெல் ஓடி முடித்ததும் அவன் அம்மா எவர்லீன் பிக்கெட் எழுந்து நின்று கைதட்டினாள். அந்தப் பலகை இருக்கைகளில் தன்னைத் தவிர வேறு யாரும் கைதட்டவில்லை என்பது இரண்டாவது தட்டலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் பையன் திரும்பிப் பார்க்கும்போது நன்றாக இருக்காது என்று இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கீழே, நாற்பது கஜ ஓட்டம் முடிகிற வெள்ளைக் கோட்டருகே ஒன்பது ஆட்கள் தங்கள் ஸ்டாப் வாட்சைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். லாவெல் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். யாரிடமும் அவன் எதுவும் கேட்கவில்லை. ஓட்டம் மெதுவாகப் போய்விட்டது என்று அந்த முகங்களே சொல்லின.

அவர்கள் எல்லாரும் பெரிய ஊர்களின் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளிலிருந்து வந்தவர்கள். ஏப்ரல் கடைசியில் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்; முதல் சுற்றில் போகிறவனுக்குத்தான் மதிப்பும் பணமும் அதிகம். அதற்கு முன் ஊர் ஊராகப் போய்ப் பையன்களை ஓடவிட்டு, தாண்டவிட்டு, எடை தூக்கவிட்டுப் பார்ப்பது இவர்கள் வேலை. மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி வயலுக்கும் மீன் குளத்துக்கும் நடுவே கிடக்கிற இந்தச் சின்னக் கல்லூரிக்கு இத்தனை பேர் வந்ததே க்வின்சி என்ற பந்து பிடிக்கிற பையனுக்காகத்தான். அவன் காலையிலேயே காற்றுமாதிரி ஓடிவிட்டு, எல்லாரோடும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டான். வந்ததே வந்தோம், இவனையும் பார்த்துவிடுவோம் என்ற கணக்கில்தான் லாவெலின் முறை வந்தது.

பந்து எறிகிறவனைக் காவல் காக்க மலைமாதிரி ஆட்கள் நிற்பார்கள். அவர்களை ஓரமாக வளைத்துக்கொண்டு போய், பந்து கையை விட்டுப் போவதற்குள் எறிகிறவனைத் தரையில் சாய்ப்பது லாவெலின் வேலை. மூன்று வருஷமாக இந்தக் கல்லூரியில் அதை அவனைப்போலச் செய்தவர் இல்லை. ஆனால் யாரை வளைத்தான், யாரைச் சாய்த்தான்? தன் கல்லூரியைப்போலவே பெயர் தெரியாத கல்லூரிகளின் பையன்களைத்தான். அதனால் அவன் ஆட்டத்தின் படங்களைப் பார்க்கிறவர்கள் "எதிர்ல நிக்கிறவன் சரியில்ல" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். "அதுக்குத்தான் இந்தச் சோதனை. ஓடுற கோட்டுக்கு நீ எந்த ஊருன்னு தெரியாதுடா" என்று கோச் ஸ்பான் குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அவனை ஓடவைத்தார். வீட்டில் எவர்லீன் இனிப்புத் தேநீரை நிறுத்தினாள். கோழியைப் பொரிக்காமல் அவித்தாள். அவள் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில் ஏறுகிற வாண்டுகள்கூட "இன்னிக்கு லாவெல் அண்ணன் எவ்வளவுல ஓடுனாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரும். இப்போது அந்தக் கோடு பதில் சொல்லிவிட்டது. ஊரைப் பார்க்காத அந்தக் கோடு இவன் பட்ட பாட்டையும் பார்க்கவில்லை.

தாண்டும் சோதனைகளும் சுமாராகத்தான் போயின. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கோச் ஸ்பான் விசிலை ஊதி, "கூம்பு ஓட்டம் ஒண்ணுதான் பாக்கி, அஞ்சே நிமிஷம்!" என்று கத்தினார். வந்தவர்களுக்கு அடுத்த கல்லூரி இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. "நல்ல பையன் கோச், நல்ல பையன்" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டிகளை நோக்கி ஓடினார்கள். அவர்கள் ஓடிய வேகத்துக்கு யாராவது நேரம் குறித்திருக்கலாம் என்று எவர்லீனுக்குத் தோன்றியது.

ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை. ஹூப்ஸ் என்று பெயர். ஒல்லியாக, நீளமாக, ஓஹையோப் பக்கத்து ஆள். அவர் நின்றது லாவெலுக்காக அல்ல. எவர்லீன் காலையில் எழுந்து சோள மாவில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்த கெளுத்தி மீனில் ஒரு தட்டு அவர் கைக்குப் போயிருந்தது. ஓடிக்கொண்டே மீன் தின்ன முடியாது. பலகை இருக்கைகளின் கூரை விளிம்புக்கடியில் நின்று ஒரு கையில் தட்டும் மறுகையில் மீனுமாக, "இது எப்படிம்மா இப்படி மொறுமொறுன்னு வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் காயற வரைக்கும் பொறுமையா இருக்கணும் சார். அவசரப்பட்டு கார்ல ஏறிடக்கூடாது" என்றாள் எவர்லீன்.

அவர் சிரித்துவிட்டு, சாப்பிட்ட மீனுக்கு மரியாதையாக ஸ்டாப் வாட்சை வெளியே எடுத்தார்.

ஈரப் புல்லில் மூன்று ஆரஞ்சுக் கூம்புகள் 'ட' எழுத்துமாதிரி ஒரு மூலைத் திருப்பமாக நின்றன. முதல் கூம்பிலிருந்து இரண்டாவதற்குப் போய்த் திரும்பி, மறுபடி போய், அதை வளைத்து, மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கு வரவேண்டும். நேராக ஓடுகிறவனுக்கு இதில் வேலை இல்லை. லாவெல் குனிந்து கையைத் தரையில் ஊன்றினான், கிளம்பினான். இரண்டாவது கூம்பில் அவன் உடம்பு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. இத்தனை பெரிய உடம்பு இவ்வளவு சாய்ந்தால் விழத்தானே வேண்டும் என்று எவர்லீன் வாயில் கையை வைத்தாள். அவன் விழவில்லை. புல்லைத் தடவிக்கொண்டு போகிறவன்மாதிரி மூன்றாவதைச் சுற்றி வந்து கோட்டைத் தாண்டினான்.

ஹூப்ஸ் மெல்லுவதை நிறுத்தினார். வாட்சைப் பார்த்தார், அதைத் தொடையில் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். "கோச், உங்களுக்கு எவ்வளவு?"

கோச் ஸ்பான் தன் வாட்சைக் காட்டினார். இரண்டிலும் ஏழு வினாடிக்கு உள்ளேதான் இருந்தது. வளைகிற வேலைக்கு வருகிறவர்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் அது வாய்க்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை ஓடச் சொல்லுங்க."

லாவெல் ஓடினான். மறுபடியும் ஏழுக்குள்தான். இந்த முறை ஹூப்ஸ் தட்டைப் பலகைமேல் வைத்தார், கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், மற்றவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது நம்ம நாலு பேருக்குள்ளயே இருக்கட்டும். ஏப்ரல்ல கடைசிச் சுற்றுல நாங்க உன்னை எடுத்துக்குவோம் லாவெல். என் மேலிடத்துல நான் பேசறேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள் எவர்லீன்.

"அதெல்லாம் முடியாதும்மா. யாராலயும் முடியாது. ஆனா என் வார்த்தைய நம்பலாம்."

அந்த மனிதர் பொய் சொல்கிறவராக அவளுக்குத் தெரியவில்லை. மீனை ரசித்துத் தின்கிறவர்களிடம் அவளுக்கு எப்போதுமே ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் பழைய சாமான் கடையில் நல்ல அலமாரி ஒன்றைக் கண்டுவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாமல் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடுகிறவளும் அவள்தான். போர்வை போடுகிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"கடைசிச் சுற்று. ஏன் முதல்லயே எடுக்கக்கூடாது?"

ஹூப்ஸின் காது சிவந்தது. "அவ்வளவு முன்னாடி எடுக்கத் தேவை இருக்காது... மத்தவங்களுக்குத் தெரியலைன்னா."

"கோச், நீங்களே மத்தவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடலாமே" என்றாள் அவள்.

கோச் ஸ்பான் சலிப்பாகச் சிரித்தார். "நான் சொன்னா யாரு எவர்லீன் நம்புவா? நாட்டுல இருக்கிற கோச் அத்தனை பேரும் தன் பையன் பறக்கிறான்னுதான் சொல்றாங்க. அவங்கவங்க வாட்ச்ல விழுந்தாத்தான் உண்டு."

எவர்லீன் மகனைப் பார்த்தாள். அவன் முழங்கால்வரை சேறு. ஒருவர் வாயால் சொன்ன கடைசிச் சுற்று இப்போது கையில் இருக்கிறது. எல்லாரையும் கூப்பிட்டு ஓடி, வழுக்கி விழுந்தால் அதுவும் போய்விடும். ஹூப்ஸ் கோபித்துக்கொண்டு போனாலும் குற்றம் சொல்ல முடியாது. இதைத் தான் தீர்மானிக்கக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சிரமமான காரியத்தை அதிகம் செய்ததில்லை.

லாவெல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினான்.

"காலையில பயத்துல ஓடினேன்மா" என்றான். "இதுல எனக்குப் பயமே வரல. இன்னொரு தடவை ஓடறேன். ஆனா அவங்க கிளம்பிட்டாங்களே."

"கிளம்புவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே எவர்லீன் மழையில் இறங்கி ஓடினாள்.

மைதானத்துக்கு வாசல் ஒன்றுதான். ஓடைமேல் போட்ட ஒற்றைப் பாலத்தின் வழியாகத்தான் வண்டிகள் வெளியே போகவேண்டும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்ததால் அவளுடைய மஞ்சள் பஸ் பாலத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. மதியம்வரை அதை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இங்கே கொண்டுவரலாமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். முதல் கார் பாலத்தை நோக்கி வருவதற்கும் அவள் பஸ்ஸைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. பிறகு வழக்கமான பொத்தானை அழுத்தினாள். பஸ்ஸின் விலாவிலிருந்து "நில்" என்று எழுதிய சிவப்புப் பலகை விரிந்து நீண்டது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. பள்ளி பஸ் அந்தப் பலகையை நீட்டிவிட்டால் நாட்டில் எவனும் தாண்டக்கூடாது. தாண்டினால் போலீஸ்.

எட்டு கார்களும் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற கொட்டாவி ஆள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"மேடம்! பஸ்ல பிள்ளைங்க யாரும் இல்லையே!"

"ஒரு பிள்ளை இருக்கான். அதோ கூம்பு பக்கத்துல நிக்கிறான் பாருங்க!"

"என்னம்மா விளையாட்டா? நாங்க வேற ஊருக்குப் போகணும்."

"இருபது வருஷமா அறுபது பிள்ளைங்கள வச்சு இந்த பஸ்ஸ ஓட்டறேன் சார். உங்க எட்டுப் பேர உட்காரவச்சுட மாட்டேனா? இறங்கிப் போயி ஒரே ஒரு ஓட்டம் பாருங்க. நான் பலகைய மடக்கிடறேன்."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார். எவர்லீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தக் காரைப் பார்த்தாள். கடைசி சீட்டில் காகிதத்தை மென்று உருண்டையாகத் துப்புகிற பையனைப் பார்க்கிற அதே பார்வை. ஹாரன் நின்றது. ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. முணுமுணுத்துக்கொண்டே, பாதிச் சிரிப்போடு, தலைக்குமேல் அட்டையும் கோட்டும் பிடித்தபடி ஒவ்வொருவராகத் திரும்பி மைதானத்துக்கு நடந்தார்கள்.

ஹூப்ஸ் கூரைக்கடியிலேயே நின்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வாட்சை எடுத்தபோது அவர் மட்டும் எடுக்கவில்லை. தொப்பிக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் ஹூப்ஸ், நீ குறிக்கலையா?"

"நான் சாப்பிட்டுட்டிருக்கேன்."

தொப்பிக்காரர் பலகைமேல் இருந்த காலித் தட்டைப் பார்த்தார். பிறகு தன் வாட்சை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டு, இரண்டு அடி முன்னால் போய் நின்றார்.

லாவெல் கையை ஊன்றினான். மழை நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. எவர்லீன் பாலத்தருகே பஸ் படிக்கட்டில் நின்றபடி பார்த்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து அவன் முகம் தெரியவில்லை. கிளம்பியது தெரிந்தது. இரண்டாவது கூம்பில் அவன் கால் ஒரு விரல் அளவு வழுக்கியது. அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழுக்கிய காலையே ஊன்றி அவன் இன்னும் சாய்ந்தான், தோள் தரையைத் தொடுகிறமாதிரி சாய்ந்து, மூன்றாவது கூம்பைச் சுற்றி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நிமிர்ந்து வந்தான்.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர்கூடப் பக்கத்தில் நின்றவரிடம் தன் வாட்சைக் காட்டவில்லை. எட்டுப் பேரும் அதை உள்ளங்கையில் மூடி, மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். "மழை விடாது போலிருக்கே" என்றார் கொட்டாவி ஆள், யாரையும் பார்க்காமல். "ஆமா, விடாது" என்றார் தொப்பிக்காரர்.

பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டது. எவர்லீன் உள்ளே ஏறி, பலகையை மடக்கி, விளக்குகளை அணைத்து, பஸ்ஸைப் பாலத்துக்கு அந்தப்புறம் ஓட்டிக்கொண்டு போனாள். வழி திறந்துவிட்டது. பெரிய பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு காரும் நகரவில்லை. மைதானத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொருவராகப் பிரிந்து போய், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் வாயை மறைத்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே லாவெல் ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்தான், கைகளை அகல விரித்து, வாயைத் திறந்து, மழையைக் குடித்துக்கொண்டு.