சவுனா அறையில் நின்ற பனிவாரி

அர்வோ கெம்பைனனுக்கு எழுபத்திரண்டு வயது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுவார். சர்க்கரைக் கட்டி ஒன்றைப் பற்களிடையே கடித்துக்கொண்டு, காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுவார். சமையலறைச் சன்னலுக்கு வெளியே அறைந்து வைத்திருக்கும் அடிக்கோலில், இரவு விழுந்த பனி எத்தனை அங்குலம் என்று பார்ப்பார். பார்த்ததை மனைவி கேட்டாலும் கேளாவிட்டாலும் உரக்கச் சொல்வார். பின்னர் வெளியே போய், வீட்டு வாயிலிலிருந்து சாலை வரை எழுபதடி நீளமுள்ள வண்டித்தடத்தை ஆறே முக்காலுக்குள் துப்புரவாக்கிவிடுவார். கீவனா என்ற பழைய சுரங்க வட்டாரத்தில் மாவட்டச் சாலைத் துறையின் பனி தள்ளும் வண்டியை இருபத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியவர் அவர். தம் வாசற்பனியைப் பிறர் தொட அவர் விட்டதே இல்லை.

அவ்வேலைக்கு அவரிடம் பனிவாரி எந்திரம் ஒன்று இருந்தது. இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். முன்வாயிலுள்ள திருகு பனியைக் கடித்து உள்ளே இழுக்கும். அதன் பின்னாலுள்ள விசிறி, வளைந்த குழல் வழியே அதை இருபதடிக்கு அப்பால் வீசும். கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்ப வேண்டிய பழைய வகை அது. இருபத்திரண்டு குளிர்காலம் விறகுக் கொட்டகையில் நின்று, இருபத்திரண்டு குளிர்காலமும் குறை சொல்ல இடமின்றி உழைத்தது.

ஜனவரி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமையன்று அது உழைக்க மறுத்தது.

இரவில் எட்டு அங்குலம் விழுந்திருந்தது. மாவு போன்ற உலர்ந்த பனி. எந்திரம் ஒரே இழுப்பில் கிளம்பிற்று. பத்தடி போனதும், பிர்ச் மரத்தைத் தாண்டி விழ வேண்டிய பனி, கஞ்சி வழிவதுபோல் குழலின் வாயோரத்திலேயே விழுந்தது. மேலும் ஐந்தடியில் அதுவும் நின்றது. அர்வோ எந்திரத்தை அணைத்துவிட்டு, விளக்குமாற்றுக் கம்பால் குழலைக் குத்திச் சுத்தம் செய்தார். கிளப்பினார். அடைத்துக்கொண்டது. மறுபடியும் குத்தினார். எழுபதடியை முடிக்க ஒன்பதரை மணி ஆயிற்று.

எதிர்வீட்டுக் கிளேட்டன் டிரெவாரோ தம் வாசலில் நின்று, கையில் காப்பிக் குவளையுடன், இதை முழுமையாகப் பார்த்தார். அவருடைய பாட்டனார் கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அர்வோவின் பாட்டனார் பின்லாந்திலிருந்து அதே சுரங்கத்துக்கு வந்தவர். அன்று தொடங்கிய கேலியைப் பேரர்கள் இருவரும் விடாமல் காத்து வந்தனர். கார்ன்வால்காரர் கொண்டுவந்த பாஸ்டி என்ற இறைச்சிப் பணியாரத்தில் பின்லாந்துக்காரர் கேரட் சேர்ப்பதும் அக்கேலியில் ஒன்று.

“யோவ் பின்லாந்துக்காரா! மெஷின் வாந்தி எடுக்குதா?” என்றார் கிளேட்டன்.

“பெல்ட் தேஞ்சிருக்கு. வேறொண்ணுமில்லை.”

“கேரட் போட்டுப் பாஸ்டி சுடற வீட்டுல மெஷினுக்கும் வயிறு கெடத்தான் செய்யும்.”

“உன் வீட்டுப் பாஸ்டியைத் தின்னா மெஷின் செத்தே போகும்யா. போய் வேலையைப் பாரு.”

வேறு எந்த வாரமாயிருந்தாலும் அர்வோ இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, முப்பது மைல் தொலைவிலுள்ள மருத்துவமனையில் அவர் மனைவி சில்வியாவுக்குக் கண்புரை அறுவை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். தவறினால் அடுத்த முறை மே மாதத்தில்தான் என்று தொலைபேசியில் பேசிய பெண் இரு தடவை சொல்லியிருந்தாள். சில்வியா கந்தல் துணியைக் கிழித்துத் தறியில் கம்பளம் நெய்பவர். கடைசியாக நெய்த கம்பளத்தில் சிவப்பு என்று எண்ணிப் பழுப்புக் கோடு விட்டுவிட்டார். அதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட அன்றே தறிமேல் போர்வையைப் போட்டு மூடினார். அக்டோபர் முதல் அது மூடியே கிடந்தது.

வியாழனன்று ஏழு மணிக்குக் கார் சாலையில் இருந்தாக வேண்டும். புதன் இரவு பெரும்பனி உண்டென்று வானொலி சொல்லிற்று. பனி மட்டுமானால் பெரிதில்லை. சாலைத் துறை வண்டி விடியுமுன் வந்து, சாலைப் பனியையெல்லாம் ஒதுக்கி ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் இடுப்பளவு சுவராகக் குவித்துவிட்டுப் போகும். அர்வோ இருபத்தொன்பது ஆண்டுகள் மற்றவர் வாயிலில் குவித்தது அதுவே. கிளேட்டனிடமிருந்த சிறிய எந்திரம் அத்தகைய சுவரைக் கண்டால் முட்டிக்கொண்டு நிற்கும். அவர் அதை மண்வாரியால் நண்பகல் வரை வெட்டுவார்.

அர்வோ எந்திரத்திலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, அதைச் சவுனாக் கட்டடத்தின் முன்னறைக்குள் தள்ளிப்போய்ப் பழுதுபார்த்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சிறு கட்டடத்தில் இரண்டு அறைகள். உள்ளறையில் கற்களைக் காய்ச்சி, நீர் ஊற்றி, ஆவியில் குளிப்பது. முன்னறையில் உடை மாற்றுவது. தண்ணீர்க் குழாய் உறையாதிருக்க முன்னறையில் சிறு அடுப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். சென்ற சனிக்கிழமை முதல் எந்திரமும் அங்குதான் குடியிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகுகிறதென்று சில்வியாவிடம் சொல்லியிருந்தார்.

கூரை ஒழுகவில்லை. அக்டோபரில் அர்வோ ஏணியிலிருந்து சறுக்கியபோது வலத்தோளில் ஏதோ பிசகிற்று. டிசம்பர் வரை எப்படியோ கயிற்றை இழுத்தார். ஜனவரிக் குளிரில் எந்திரத்தின் எண்ணெய் தார்போல் இறுகியபின் கயிறு அசைய மறுத்தது. வெதுவெதுப்பான அறையில் வைத்தால் ஒரே இழுப்பில் கிளம்பும். அவர் ஓட்டிய சாலைத் துறை வண்டிகளெல்லாம் சூடேற்றிய கொட்டகையில்தான் நின்றன. ஆகவே சூடு எந்திரத்துக்கு நல்லது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. தோளைப் பற்றி எவரிடமும் பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை பெல்ட்டை மாற்றினார். செவ்வாய்க் காலை எந்திரம் ஒரே இழுப்பில் கிளம்பிப் பன்னிரண்டடியில் அடைத்துக்கொண்டது. உள்ளே தள்ளிப்போனார். திருகில், கல் சிக்கினால் தான் முறிந்து எந்திரத்தைக் காக்கும்படி அமைந்த மெல்லிய ஆணிகள் இரண்டும் முழுமையாக இருந்தன. எதற்கும் இருக்கட்டுமென்று புதியவை போட்டார். செவ்வாய் நண்பகல், பதினோரடி. மறுபடி உள்ளே தள்ளிப்போய், அடுப்பருகே நிறுத்தி நன்றாகக் காயவைத்து, குழலின் உட்புறத்துத் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசும் மெழுகை மூன்று பூச்சுப் பூசினார். புதன் காலை, ஒன்பதடி.

“மெழுகு பூசினியா!” என்றார் கிளேட்டன், சாலையைக் கடந்து வந்து குழலுக்குள் எட்டிப் பார்த்து. “இதைப் பந்தயத்துக்கு அனுப்பப் போறியா?”

“கார்புரேட்டரா இருக்கும்.”

“சத்தம் நல்லாத்தானேய்யா இருக்கு. கார்புரேட்டரை விடு. நாளைக்கு நான் வந்து தள்ளித் தரேன்.”

“வேண்டாம்.”

“சில்வியாவுக்குக் கண்ணுய்யா.”

“எனக்குத் தெரியும். வேண்டாம்.”

“இருபத்தொம்பது வருஷம் என் வாசல்ல மலை கட்டினவன் நீ. ஒரு நாள் உன் மலையை நான் உடைச்சா உனக்கென்ன?”

அர்வோ எந்திரத்தை உள்ளே தள்ளிச் சென்றார். இம்முறை அவர் இடக்கையையே ஊன்றித் தள்ளிய விதத்தைக் கிளேட்டன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் போய்விட்டார்.

புதனும் சனியும் சவுனா நாள். மாலை நான்கு மணிக்குக் கணவனும் மனைவியும் வழக்கம்போல் ஆவியில் அமர்ந்தனர். அர்வோ அகப்பையால் நீரை மொண்டு கற்கள்மேல் ஊற்றினார். சீறியது. இருவரும் பேசவில்லை, அங்கே பேசுவது அவர்கள் வழக்கமன்று. பின்பு முன்னறைக்கு வந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தபோதுதான் சில்வியா பேசினார்.

“காலுக்கடியில என்ன தண்ணி?”

“மெஷின்லேருந்து உருகுது.”

சில்வியாவுக்குக் கண் தெளிவில்லை. எந்திரம் நின்ற பக்கமாகக் கையை நீட்டித் துழாவி, குழலைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

“சுடுது.”

“அடுப்புப் பக்கத்துல இருக்குல்ல.”

“உன் மெஷினும் நம்மளோட சேர்ந்து சவுனா எடுத்துட்டு உட்கார்ந்திருக்கு. அதான் சங்கதி.”

“என்ன சங்கதி?”

“சூட்டு இரும்புல பனி பட்டா உருகும். வெளிக்குளிரு அதைப் பிடிச்சா அங்கேயே கல்லா ஒட்டும். அதுமேல இன்னும் பனி ஒட்டும். குழல் குறுகி அடைச்சுக்கும். அடைச்சதும் நீ என்ன பண்றே? திரும்ப உள்ளே கொண்டாந்து சூடு பண்றே. மூணு நாளா இதைத்தான் பண்ணிட்டிருக்கே.”

அர்வோ துண்டின் ஓரத்தைச் சரிசெய்தார். “சாலைத் துறை வண்டியெல்லாம் சூட்டுக் கொட்டகையிலதான் நிக்கும்.”

“அதுக்குத் தொண்டை கிடையாது அர்வோ. முன்னாடி பலகையை வச்சுத் தள்ளிட்டுப் போகும். இதுக்குத் தொண்டை இருக்கு. கொட்டகையில இருந்தவரைக்கும் ஒழுங்காத்தானே இருந்துச்சு?”

“கூரை ஒழுகுது.”

“ஜனவரில கூரை எப்படிய்யா ஒழுகும்? மேலே இருக்கறது ஒண்ணரை அடி பனி. அது ஏப்ரல்லதான் உருகும்.”

இதை அர்வோ எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர்.

“அக்டோபர்லேருந்து நீ கல்லுமேல தண்ணியை இடது கையாலதான் ஊத்தறே,” என்றார் சில்வியா. “நாப்பத்தாறு வருஷமா வலது கையால ஊத்தினவன். எனக்குக் கண்ணுதான் மங்கல். தண்ணி எந்தப் பக்கமிருந்து விழுதுன்னு காதுக்குத் தெரியும்.”

“ஏன் சொல்லலே?”

“நீ ஏன் சொல்லலே?”

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அர்வோ எழுந்து உடுத்திக்கொண்டு, எந்திரத்தை விறகுக் கொட்டகைக்குத் தள்ளிப்போனார். குழலில் எஞ்சியிருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அங்கேயே நிறுத்திவிட்டு வந்தார்.

வியாழன் காலை அடிக்கோல் பதினான்கு அங்குலம் காட்டிற்று. “பதினாலு,” என்றார் அர்வோ. வாயிலில் சாலைத் துறை வண்டி தன் பங்கை வைத்துவிட்டுப் போயிருந்தது. ஐந்தரை மணிக்கு அவர் கொட்டகையில் எந்திரத்தின் முன் நின்று, பெட்ரோலை ஊற்றிக் கயிற்றைப் பற்றினார். வலக்கையால் ஓர் இழுப்பு. கயிறு ஒரு சாண் வந்தது. தோளிலிருந்து முழங்கை வரை மின்னல்போல் ஓடிற்று. இடக்கையால் இரண்டு இழுப்பு. எந்திரம் ஒரு தரம் செருமிவிட்டு ஓய்ந்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டு, அடுக்கிய விறகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் கதவு திறந்தது. சில்வியா இரவு அங்கியின்மேல் கோட்டு அணிந்து, கணவரின் காலணிகளில் நின்றார்.

“மூணு இழுப்புக் கேட்டுச்சு. நாலாவது கேக்கலே.”

“கொஞ்சம் பொறு, இன்னொரு தடவை—”

“தள்ளு.”

“சில்வியா, இன்னிக்கு உனக்கு ஆபரேஷன்.”

“அது கண்ணுல. கையில இல்லை. நாளையிலேருந்து ஒரு மாசம் குனியக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்கார். இன்னிக்கு ஒண்ணும் சொல்லலே. கயிறு எங்கே இருக்கு, என் கையில குடு.”

அர்வோ கயிற்றின் பிடியை அவர் கையில் வைத்தார். நாற்பதாண்டுகள் தறியில் பலகையை அடித்து இறுக்கிய கைகள் அவை. சில்வியா ஒரு காலை எந்திரத்தின்மேல் ஊன்றி இரண்டு முறை இழுத்தார். இரண்டாவதில் எந்திரம் கிளம்பிற்று.

வெளியே தள்ளியதும் பனி குழலிலிருந்து வளைந்தெழுந்து, பிர்ச் மரத்தைத் தாண்டி, வேலியையும் தாண்டி விழுந்தது. குழல் உள்ளும் புறமும் ஒரே குளிராக இருந்ததால் ஒரு துகளும் ஒட்டவில்லை. வாயிலிலிருந்த பனிச்சுவரையும் மூன்று கடியில் தின்று தீர்த்தது. அதில் ஒரு பகுதி சாலையைக் கடந்து கிளேட்டனின் அஞ்சற்பெட்டிமேல் விழுந்தது. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கார் சாலையில் நின்றது.

அறுவை இருபது நிமிடத்தில் முடிந்தது. திரும்பும் வழியில், ஒரு கண்ணில் மூடியுடன் அமர்ந்திருந்த சில்வியா, மறுநாள் ஒன்பது மணிக்கு மீண்டும் வரச் சொன்னதை நினைவூட்டினார். மூடியை அப்போது எடுப்பார்களாம். இரவு ஆறு அங்குலம் விழுமென்று காரிலிருந்த வானொலி சொல்லிற்று. அர்வோ வலத்தோளை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

மனைவியை வீட்டில் படுக்கவைத்துவிட்டுச் சாலையைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினார். கிளேட்டன் வாயில் பாஸ்டியுடன் திறந்தார்.

“என் தபால் பெட்டியைப் புதைச்சுட்டேய்யா. மெஷின் சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு.”

“என்ன கோளாறு?”

“சூட்டுல வச்சிருந்தேன்.”

“சூட்டுலயா? எங்கே?”

“சவுனால.”

கிளேட்டன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். விழுங்கி முடிக்கும் வரை அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “துண்டு குடுத்தியா அதுக்கு?” என்றார்.

அர்வோ தொப்பியைக் கழற்றி, அதன்மேலிருந்த பனியைத் தட்டி, மறுபடி அணிந்துகொண்டார்.

“எனக்குத் தோள் போயிடுச்சு,” என்றார். “மெஷின் இனிமே விறகுக் கொட்டகையிலதான் நிக்கும். காலையில அஞ்சரைக்கு நீ வந்து கயிறு இழு. மீதியை நான் பாத்துக்கறேன்.”