ஸ்பெஷல் கிளாஸ் லிஸ்ட்

கணக்கு சாருக்குக் கையில் சிவப்புப் பேனா இல்லாவிட்டால் மூச்சே வராது. பிரிவு உபசார விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு சார்பாக லீடர் பேசப்போகும் நாலு பக்கத்தையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலேயே கையை வைத்துவிட்டார். 'நாற்பத்தொரு பேராக இந்தப் பள்ளியில் வளர்ந்தோம்' என்று அவள் எழுதியிருந்தாள். நாற்பத்தொன்றை அடித்துவிட்டு, மேலே முப்பத்திரண்டு என்று எழுதினார்.

"என்னம்மா லீடர், எண்ணிக்கைகூட மறந்துபோச்சா?"

"மறக்கல சார். நீங்க கழிச்சதை நான் கழிக்கல, அவ்வளவுதான்."

சார் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா இந்தப் பேச்சு? ஏழு வருஷம் படிச்ச ஸ்கூல். டூர் போனது, ஆண்டு விழாவுல ஆடினதுன்னு நாலு நல்ல விஷயத்தைச் சொல்லு, எல்லாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடட்டும், போய்க்கிட்டே இரு. உன் கண்டக்ட் சர்டிபிகேட் இன்னும் பெரிய சார் மேஜையிலதான் இருக்கு. கையெழுத்து ஆகல."

மிரட்டலைக்கூட அந்த மனுஷன் தாலாட்டு மாதிரிதான் சொல்வார். ஆறாம் வகுப்பில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டு அவளை லீடர் ஆக்கியதும் இவர்தான். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அம்மாகூடக் கோபம் வந்தால், "வாங்க லீடரம்மா, தட்டைக் கழுவி வைங்க" என்றுதான் சொல்வாள்.

அந்த ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

போன வருஷம் இதே மாதம். அப்போது இவர்கள் பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை தோறும் டெஸ்ட். டெஸ்ட் என்றால் டெஸ்டா அது? ஊர் கூடித் தேர் இழுக்கிற கதைதான். முன் பெஞ்சு எழுதும், நடு பெஞ்சு பார்க்கும், கடைசி பெஞ்சு நடு பெஞ்சைப் பார்க்கும். லீடருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பட்டாணி. ஆள் குட்டை, ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், உருண்டுகொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பேர். லீடர் பேப்பரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், பட்டாணிக்கு அறுபது மார்க் நிச்சயம். ஒன்றில்கூட அவள் ஃபெயில் ஆனதில்லை.

ஒருநாள் கணக்கு சார் லீடரை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, உட்கார நாற்காலி போட்டார். யாருக்கும் நாற்காலி போடாத ஆள் நாற்காலி போட்டால் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பதினாறு வயதில் அது எங்கே தெரிகிறது? பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மார்க்கைப் பார்த்தா எல்லாரும் பாஸ். ஆனா பாதிப் பேர் காப்பின்னு எனக்குத் தெரியாதா? நிஜமாவே திணறுறவங்க யாருன்னு உனக்குத்தாம்மா தெரியும். எழுதிக் குடு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாம். வெளிய சொல்லாத. பாவம், கூச்சப்படுவாங்க."

எழுதிக் கொடுத்தாள். எட்டுப் பேரை யோசித்து யோசித்து எழுதினாள். ஒன்பதாவதாகப் பட்டாணியின் பேரைச் சந்தோஷமாக எழுதினாள். நாம் சாய்த்துக் காட்டுவது எத்தனை நாளைக்கு உதவும், பரீட்சை ஹாலில் யார் முன்னால் யாரோ, இவளாவது நிஜமாகக் கற்றுக்கொள்ளட்டுமே என்று நினைத்தாள். பாசத்தில் எழுதினாள் ஐயா, பாசத்தில்!

பத்தே நாள். ஒன்பது வீட்டுக்கும் போன் போனது. 'உங்க பிள்ளைக்கு இந்த ஸ்கூல் சரிப்பட்டு வராது. நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டா மரியாதையா முடிஞ்சிடும். இல்லேன்னா ஃபெயில்னு போட வேண்டியிருக்கும்.' ஒன்பது அப்பா அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பெஷல் கிளாஸ் ஒரே ஒரு நாள்கூட நடக்கவில்லை. ரிசல்ட் வந்ததும் வாசலில் மட்டும் புது பேனர் ஏறியது: 'பதினாறாம் ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி!' ஓட முடியாத பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு, எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜெயித்தார்கள் என்று தம்பட்டம். வெட்கம் மானம் இருக்கிறவன் செய்கிற வேலையா இது?

அந்த லிஸ்ட் யார் கையெழுத்து என்று லீடர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம். முழுசாக ஒரு வருஷம் அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், நினைவு மலரை வாங்கிவர அவளையே அனுப்பினார்கள். மலர் தயாரானது பட்டாணியின் மாமா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில். டி.சி. வாங்கிய பிறகு பட்டாணிக்கு அங்கேதான் வேலை. எந்த வகுப்பிலிருந்து துரத்தினார்களோ அந்த வகுப்பின் நினைவு மலருக்கு அவளே ஓட்டை போட்டு, கம்பிச் சுருளை நுழைத்து, குறடால் முனையை மடக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது பிரதி.

"அட்டையைப் பார்த்தியா?" என்றாள் பட்டாணி. ஒன்பதாம் வகுப்பு டூர் போட்டோ. வேண்டாதவர்களை ஓரத்தில் வெட்டியிருந்தார்கள். லீடரின் தோள்மேல் யாருடையதோ ஒரு கை மட்டும் இருந்தது. "அது என் கைதான்டி. ஆளை வெட்டிட்டு கையை மட்டும் விட்டுட்டாங்க. வெட்டத் தெரியாதவங்க கையில கத்தரிக்கோலைக் குடுத்தா இப்படித்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். லீடருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குப் பாரு," என்றாள் கொதித்துப்போய். "கணக்கு சார் வெட்டின பேச்சைப் பேசமாட்டேன். உங்க ஒன்பது பேர் பேரையும் மேடையில சத்தமா சொல்லப்போறேன். பெரிய சார் மூஞ்சிக்கு நேரா. சர்டிபிகேட் தரலேன்னா போகட்டும்."

பட்டாணி குறடைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஒரு டெஸ்ட்லகூட ஃபெயில் ஆகல. அப்புறம் என் பேரு எப்படி வந்துச்சு? எங்கப்பா கேட்டதுக்கு, 'கிளாஸ்லேர்ந்தே எங்களுக்குத் தகவல் வந்துச்சு'ன்னாராம் கணக்கு சார். யாருடி அது? உனக்குத் தெரியாம இருக்காதே."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா உள்ளே யாருக்கோ ஏதோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல லீடருக்கு வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை என்றால் பொய்.

"நான்தான்," என்றாள்.

நாற்காலி, ஸ்பெஷல் கிளாஸ், வெளியே சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் சொன்னாள். பட்டாணி கேட்டு முடித்துவிட்டு, முடிந்த பிரதிகளை அடுக்கி, நாலு பக்கமும் தட்டிச் சரிசெய்து, கயிறு போட்டுக் கட்டினாள்.

"வாரா வாரம் இங்க வந்து உக்காந்து, என்கூடச் சேர்ந்து அந்த ஆளைத் திட்டினியேடி. நானும் லூசு மாதிரி உன்கிட்டயே அழுதேனே."

"ஸ்பெஷல் கிளாஸ்னு நம்பித்தான்..."

"அது எனக்குப் புரியுது. ஏமாந்துதான் எழுதின. சரி. அதுக்கப்புறம் ஒரு வருஷம் வாயில என்ன வச்சிருந்த?" மலர்க்கட்டை அவள் முன்னால் தள்ளினாள். "எங்க பேரை மேடையில சொல்லாத. நீ அழுவ, அவங்க கைதட்டுவாங்க, லீடருக்கு என்ன தைரியம்பாங்க. எங்க பேரு எதுக்கு உனக்கு? உன் பேரைச் சொல்லு. நீதான் எழுதினேன்னு சொல்லு. அதுக்குத் தைரியம் இருந்தா, அப்புறம் இந்தக் கடைக்கு வா. இல்லேன்னா இந்தப் பக்கமே வராத."

அன்று ராத்திரி லீடர் சாப்பிடவில்லை. யார்மேல் கோபம் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. சார்மேல் இருந்த கோபம் எத்தனை சௌகரியமாக இருந்தது என்று மட்டும் புரிந்தது.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு, பின்னால் அப்பா அம்மாக்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் விழா நடத்துகிறவர்கள் என்பதால், சுவர் ஓரமாகக் கேக் தட்டும் ஜூஸ் தம்ளருமாக நின்றார்கள். பெரிய சார் பேசினார். "நீங்கள் அத்தனை பேரும் நான் பெறாத பிள்ளைகள்!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இத்தனை உருக்கமாக அழுதிருக்காது. இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லீடர் மேடையேறினாள். சிவப்பு மை அடித்த நாலு பக்கத்தையும் மடித்து மைக்குக்குக் கீழே வைத்தாள்.

"எங்க ஸ்கூல் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துப் பேசச் சொன்னாங்க. எனக்குத் திரும்பிப் பார்த்தா ஒண்ணுதான் தெரியுது. போன வருஷம் இதே நேரம், கிளாஸ்ல யாரு யாரு நிஜமாவே படிப்புல திணறுறாங்கன்னு ஒரு லிஸ்ட் கேட்டாங்க. ஸ்பெஷல் கிளாஸ் வைக்கன்னாங்க. ஒன்பது பேரை நான்தான் எழுதிக் குடுத்தேன். நான். என் கையால. ஸ்பெஷல் கிளாஸ் வைக்கல. அந்த ஒன்பது பேருக்கும் டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க. வாசல்ல தொங்குதே நூறு சதவீதம், அது அப்படி வந்த நூறு. எனக்கு அது தெரிஞ்சும் ஒரு வருஷமா..."

மைக் செத்துப்போனது. கணக்கு சார் ஓரத்தில் நின்று கையசைத்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஏழு வருஷம் 'சைலன்ஸ்! சைலன்ஸ்!' என்று கத்தி வளர்ந்த தொண்டை அது. மைக் எதற்கு?

"ஒரு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்! சர்டிபிகேட்டுக்குப் பயந்துக்கிட்டு!"

யாரும் கைதட்டவில்லை. அவளோடு படித்த முப்பத்தோரு பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த லிஸ்ட் புதுச் செய்தி. பின்னாலிருந்து ஓர் அப்பா, "கடைசி நாள்ல இதெல்லாம் எதுக்கு? நம்ம பிள்ளைங்க பாஸ் ஆகணும்ல?" என்று முனகினார். லீடரின் அம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் அடங்கிவிட்டார்.

"உணர்ச்சிவசப்பட்டு ஏதோ பேசுது, சின்னப் பொண்ணு," என்று பெரிய சார் எழுந்து கையைத் தட்டப்போனார்.

அப்போதுதான் சுவர் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா."

பதினொன்றாம் வகுப்பு லீடர். கண்ணாடி போட்ட பெண், நெஞ்சில் அதே பேட்ஜ். கையில் கேக் தட்டு.

"என்கிட்டயும் லிஸ்ட் கேட்டார்க்கா. நாற்காலி போட்டு உக்கார வச்சு, ஸ்பெஷல் கிளாஸுக்குன்னு சொன்னார்."

லீடர் மேடை விளிம்புக்கு வந்தாள். "குடுக்காத," என்றாள். "குடுத்துடாதடி!"

"காலையிலேயே குடுத்துட்டேன்க்கா."

அவளுக்குப் பக்கத்தில் ஜூஸ் தம்ளர்களோடு நின்ற பெண், தட்டைத் தரையில் வைத்தாள். "ஏய், அதுல என் பேரு இருக்கா?" கண்ணாடிப் பெண் நிமிரவில்லை. அந்தக் கோடியிலிருந்து இன்னொருத்தி, "என் பேரு?" என்றாள். தூணோரம் நின்ற பையன், "என் பேரு இருக்கா, சொல்லு," என்றான். ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே சுவரை விட்டு முன்னால் வந்தார்கள். கண்ணாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

லீடர் மேடையை விட்டு இறங்கினாள். நேராகக் கணக்கு சாருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"லிஸ்ட்டைக் குடுங்க சார்."

"என்ன லிஸ்ட்? எந்த லிஸ்ட்? போய் உக்காரு," என்றார் சார்.

வாய்தான் அப்படிச் சொன்னது. கை தன்னால் போய்ச் சட்டைப் பையை இறுக்கப் பொத்திக்கொண்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.