தங்கமான பொண்ணு

பெண் பார்க்க வருமுன் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். திருபுவனை மாப்பிள்ளையின் தாய்மாமன் அதற்காகத்தான் திருக்கனூர் கடைவீதியில் ராஜ்மோகனின் உரக்கடை முன்னால் பைக்கை நிறுத்தினார். அங்கே வேலை பார்க்கும் சாமிநாதன் பெண்ணுக்குப் பக்கத்து வீடு. அவரையே கேட்டுக்கொள்ளும்படி பெண்ணின் அம்மா காசம்மாள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“வினோதினி எப்படிங்க? ஏற்கனவே ஒரு நிச்சயம் நின்னுபோச்சுன்றாங்க. இன்னா விசயம்?”

“அந்தப் பையன் குடிகாரங்க. பொண்ணுதான் வாணாம்னுடுச்சு. தங்கமான பொண்ணுங்க.”

சாமிநாதன் பொய் சொல்லவில்லை. போன புயலில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, கால் முறிந்து கட்டிலில் கிடந்த அவர் மனைவி ருக்குமணியை முதுகில் சுமந்து பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் வினோதினி. அந்நேரம் சாமிநாதன் கடையில் முதலாளியின் உர மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

அதற்குள் ராஜ்மோகன் காரை விட்டு இறங்கினார். கிளிப்பச்சையில் புதுச் சட்டை. சாமிநாதனின் கை தானாகக் கும்பிட்டது.

“அண்ணே, சட்டை அம்சமா கீது. பத்து வயசு கொறஞ்சிட்டாப்ல இருக்கு. தங்கமான மனசுண்ணே உங்களுக்கு, அதான் எது போட்டாலும் எடுப்பா கீது.”

தாய்மாமன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் ராஜ்மோகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இவங்கிட்டயா விசாரிக்கிறீங்க? இவன் நம்ம ஜால்ராங்க. நான் தும்முனாகூட ராகமா தும்முறேன்னுவான்.”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கும்போது சும்மா நின்று பழக்கமில்லாத சாமிநாதனும் சேர்ந்து சிரித்தார். முதுகுக்குப் பின்னால் தனக்கு அந்தப் பேர் உண்டென்று அவருக்குத் தெரியும். சோறு போடுகிற பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தார். இன்னொருத்தி வாழ்க்கையில் அது மண்ணைப் போடும் என்று நினைத்ததே இல்லை.

“அப்ப வரேங்க,” என்று தாய்மாமன் கிளம்பினார். வேறு யாரையும் விசாரிக்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று சாமிநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. முதலாளி டீ வாங்கிவரச் சொன்னார்.

மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. முன்பே பொருத்தம் பார்த்து முடித்திருந்த ஜாதகம்தான். காசம்மாள் சாமிநாதனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயந்திரம், பெண் பார்க்கிற நாளுக்காக அலசிப் போட்டிருந்த புடவையை வினோதினி கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சாமிநாதன் வேலியோரம் போய் நின்றார்.

“நான் நல்லபடியாத்தாம்மா சொன்னேன். தங்கமான பொண்ணுன்னுதான் சொன்னேன்.”

“சொல்லியிருப்பீங்க மாமா.” அவள் குரலில் கோபமே இல்லை. “நீங்க யாரத்தான் அப்டி சொல்லல?”

அந்தத் தண்ணீரை, அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த ருக்குமணியின் கையை, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்கு முன் கடையில் சிரிக்கிற அதே சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு புடவையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொடி ஆடி நின்ற பிறகும் சாமிநாதன் சிரித்த முகமாகவே நின்றிருந்தார்.