பஞ்சு என்றால் எது

காலையிலிருந்தே ராமதாஸுக்கு வலது தோள் தன்னுடையதாக இல்லை. பதினெட்டு வருஷமாகப் பாலிஷ் மெஷினைத் தாங்கிய தோள். கையைக் கொஞ்சம் தூக்கினாலும் எலும்புக்குள் மணல் அரைபட்டது. கருப்புக் காரின் பானெட்டை முடித்தபோது விரல்கள் சொல்பேச்சுக் கேட்காமல் தாமாகவே திறந்துகொண்டன. மெஷினைக் கீழே வைத்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்தான்.

டத்தோ கிராமாட் தெருவில் தகரக் கூரை போட்ட கார் கழுவும் கடை அது. முதலாளி முனுசாமி சாமான் வாங்க பட்டர்வொர்த் போயிருந்தார். கடையில் ராமதாஸும் ஷஃபீக்கும் மட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்த ஷஃபீக், இங்கே சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். இந்த வேலையும் போனால் வேறு இடம் கிடையாது என்று அவனே இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

கருப்புக் கார் பழனியப்பனுடையது. ஆள் எப்படிப்பட்டவர் என்று அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் வந்தால் நல்ல நாற்காலியைத் தேடுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்குப் பிற்பகல் அவர் மகளுக்குக் கல்யாண விருந்து. இரண்டு மணிக்குக் கார் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஷஃபீக், கதவு நாலும் நீ பாரு. ஓரத்துல கவனம்லா. ரெண்டு தடவ பாலிஷ் போட்ட காடி, பெயிண்ட் காகிதம் மாதிரிதான் இருக்கு."

"மெஷின்ல எந்தப் பேட் மாட்டட்டும்ணே?"

"பஞ்சுதான்."

"பஞ்சா? நிச்சயமாவா?"

"பஞ்சுன்னா பஞ்சுலா. எனக்கே பாடம் நடத்துறியா நீ?"

ஷஃபீக் சிரித்துக்கொண்டே மெஷினை எடுத்தான். ராமதாஸ் வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் பின்னால் அட்டையை விரித்துச் சாய்ந்தான்.

அவனை எழுப்பியது நாற்றம். பெயிண்ட் கருகும் நாற்றம் தூக்கத்தில் வந்தாலும் அவனுக்குத் தெரியும். ஓடி வந்து பார்த்தான். பின்கதவின் ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்குக் கருப்பு போய்ச் சாம்பல் நிறப் பூச்சு பல்லிளித்தது. ஷஃபீக் கையில் மெஷின். மெஷினில் வெள்ளைக் கம்பளிப் பேட்.

"என்னத்தடா போட்ட?"

"நீங்க சொன்ன பஞ்சுதாண்ணே." ஷஃபீக் கம்பளி மயிரைக் கிள்ளிக் காட்டினான்.

அப்போதுதான் ராமதாஸுக்குப் புரிந்தது. அவன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்குப் பெயர் பஞ்சு. அவன் சொன்னது மஞ்சள் ஃபோம் பேடை. ஷஃபீக்கின் அப்பா சூலியா தெருவில் தலையணை தைத்து விற்றவர். அவனுக்குப் பஞ்சு என்றால் வெள்ளையாக, புசுபுசுவென்று இருப்பது. கம்பளி ஆழமான கீறலை அறுத்து எடுக்கும் பேட், ஃபோம் மெதுவாக மினுக்கும் பேட். மெல்லிய ஓரத்தில் கம்பளியை வைத்தால் இரண்டு மூச்சுக்குள் பெயிண்ட் போய்விடும். இத்தனை நாளும் பேடை ராமதாஸே மாட்டிக் கொடுத்ததால் இந்தச் சொல் அவர்களுக்கு நடுவில் வரவே இல்லை.

அதைச் சொல்ல வாய் திறக்குமுன் பழனியப்பன் வாசலில் நின்றார். பட்டு வேட்டி, சந்தனம். பின்னால் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்த ஆள், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி.

பழனியப்பன் வேட்டியைச் செருகிக் கதவருகே குந்தினார். சாம்பல் நிறத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"என் மக இன்னிக்கி இதுலதான் மண்டபத்துல போயி எறங்கணும். கல்யாணப் பொண்ணுக்குச் சொறி புடிச்ச காடியா?" குரலில் சூடே இல்லை. "யாரு கை வச்சது?"

"நாந்தாண்ணே," என்றான் ஷஃபீக். "ஆனா ராமதாஸ் அண்ணே சொன்ன மாதிரிதான்…"

ஹெல்மெட் அவன் வாயில் இறங்கியது. ஒரு பல் ஈரச் சிமெண்டில் உருண்டு சாக்கடைக் கம்பியில் முட்டி நின்றது. அவன் குனிந்தபோது இரண்டாவது அடி பிடரியில். விழுந்தபின் விலாவில் உதை, ஒன்று, இன்னொன்று, மூட்டையைக் காலால் நகர்த்துகிறவன் முகத்தோடு.

பழனியப்பன் ராமதாஸைப் பார்த்தார். "நீ என்னா சொன்ன அவன்கிட்ட?"

"ஸ்பான் போடத்தான் சொன்னேன்."

ஸ்பாஞ்சைக் குறிக்கும் ஸ்பான் என்ற மலாய்ச் சொல்லை ராமதாஸ் அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னான். தரையில் கிடந்த ஷஃபீக்குக்கும் அது கேட்டது.

"ஸ்பானா. அப்ப இவனுக்குக் காது இல்ல, கைதான் இருக்கு." பழனியப்பன் மெஷினைத் தூக்கிக் கனம் பார்த்தார். "அவன் கைய நீட்டிப் புடி."

ஹெல்மெட்காரன் ஷஃபீக்கின் முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையை இழுத்து டயர் மேல் வைத்து அழுத்தினான்.

"இதுல ரெண்டு வகை பேட் இருக்காமே? நீ பெரிய ஆளு, சொல்லு. தோலுக்கு எது நல்லது? தப்பாச் சொன்ன, அடுத்த கை ஒன்னோடது."

ராமதாஸ் அலமாரியைப் பார்த்தான். மஞ்சள் ஃபோம் பேட் அங்கேதான் இருந்தது. அதை மாட்ட ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் முனுசாமி வரலாம், யாராவது வரலாம். அதுவே கையில் ஓடினாலும் கம்பளி அளவுக்கு அறுக்காது. வாய் பழக்கப்பட்ட சொல்லையே துப்பியது.

"பஞ்சு."

பழனியப்பன் கையிலிருந்த மெஷினைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் கம்பளியை விரலால் அமுக்கினார். "பஞ்சா? ஆமா, மெத்துன்னுதான் இருக்கு. மாத்தவே வேணாம்."

ராமதாஸ் மறுபடி அலமாரியைப் பார்த்தான், 'அது இல்லை' என்று திருத்தவில்லை. ஷஃபீக் ரத்தம் ஒழுகும் வாயோடு தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். வலியில் பார்க்கிற பார்வை இல்லை அது. கணக்குக்கு விடை கிடைத்தவன் பார்ப்பது: அப்போது சொன்னதும் பஞ்சு, இப்போது சொல்வதும் பஞ்சு, நடுவில் வந்த ஸ்பான் பொய்.

மெஷின் ஓடியது. முதலில் முழங்கைக்குக் கீழே மயிர் போனது. அடுத்து, பேடில் ஒட்டியிருந்த பாலிஷ் கம்பவுண்டின் பொடி தோலைத் தின்றது. வெள்ளைக் கம்பளி ரோஸ் ஆனது, பிறகு சிவப்பானது. ஷஃபீக்கின் குதிகால் பட்டு வாளி உருண்டது, சோப்புத் தண்ணீர் தரையெங்கும் பரவியது. அவன் குரல் மெஷின் சத்தத்துக்கு மேல் ஏறி, உடைந்து, நின்றது. ஹெல்மெட்காரனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராமதாஸ் பாய்ந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். மெஷின் முனகிக்கொண்டே ஓய்ந்தது. ஹெல்மெட் அவன் வலது தோளில் விழுந்தது. அதே தோள். உள்ளே ஏதோ நழுவியது தெரிந்தது. முழங்காலிட்டு வாந்தி எடுத்தான்.

பழனியப்பன் மெஷினை ஓரமாக வைத்தார். மேலே தெறித்ததைத் துண்டால் துடைத்தார். "கதவு மேல மாலையத் தொங்க விடு, மறையட்டும்," என்று தன் ஆளிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பொது மருத்துவமனையில் முனுசாமியும் ராமதாஸும் ஷஃபீக்கைப் பார்க்கப் போனார்கள். ராமதாஸின் கை துணித் தொட்டிலில் தொங்கியது. ஷஃபீக்கின் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருந்தார்கள். மெஷின் வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லியிருந்தான். பழனியப்பன் பெயரைச் சொல்லும் துணிச்சல் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

அவன் மனைவி ஃபஸீலா கஞ்சியை ஆற்றிக்கொண்டே முனுசாமியிடம் கேட்டாள். "கை ஆறுனதும் வேலைக்கு வரலாம்தானே, அண்ணே?"

முனுசாமி ஜன்னலைப் பார்த்தார். "ராமதாஸ் ஸ்பான்னு சொல்லியிருக்கான்மா. இவரு கம்பளியப் போட்டிருக்காரு. சொன்னது வெளங்காத ஆள வச்சுக் கடை நடத்த முடியாது. மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க."

"என் காதுதான் சரியில்ல, முதலாளி." வீங்கிய உதட்டால் ஷஃபீக் ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "அண்ணே ஸ்பான்னுதான் சொன்னாராம்."

சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு ராமதாஸைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான்.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் ராமதாஸ்.

"வேணாம்ணே. உக்காருங்க. நீங்க வயரப் புடுங்கலேன்னா கையே போயிருக்கும்."

ராமதாஸ் உட்கார்ந்தான். ஃபஸீலா அவனுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். இடது கையால் குடித்தான். பார்க்கும் நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள். முனுசாமி எழுந்தார், அவனும் எழுந்தான்.

ஷஃபீக்குக்கு அவன் பட்ட கடன் ஒரே ஒரு வாக்கியம். "நான் பஞ்சுன்னுதான் சொன்னேன், முதலாளி." அது இன்னும் பாக்கி.